மோனேயின் வெத்தேய் தோட்டம்: கோடைப் பூந்தோட்ட ஓவியம் ஒன்றைப் படிப்பது எப்படி?

மேற்கத்திய ஓவியங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தோட்ட ஓவியங்களிடம் வந்ததும் கேள்விகள் குவிந்துவிடுகின்றன. போர்க்களத்தையோ சிலுவையையோ வரைந்திருந்தால் கதை தெரியும், பொருள் சொல்லிவிடலாம். வெறும் பூக்களும் வெயிலும் இருக்கும் படத்தில் பொருள் எங்கே இருக்கிறது? நான் மிகவும் நேசிக்கும் ஓர் ஓவியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பத்துப் படங்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒரு படத்தோடு நெடுநேரம் இருப்பதே பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

எந்த ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனே 1881 கோடையில் வரைந்த ‘வெத்தேயில் ஓவியரின் தோட்டம்’. எண்ணெய் வண்ணத்தில் கான்வாஸில் தீட்டியது. உயரம் சுமார் 151 செ.மீ., அகலம் 121 செ.மீ. இப்போது வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. எய்ல்சா மெலன் புரூஸின் சேகரிப்பு வழியாக 1970இல் அங்கே வந்தது.

வெத்தேய் என்பது பாரிசுக்கு வடமேற்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், சேன் நதிக்கரையில் இருக்கும் சிற்றூர். மோனே 1878இல் அங்கே குடிபோய், 1881 டிசம்பரில் கிளம்பினார். அதே தோட்டத்தை வேறு கான்வாஸ்களிலும் வரைந்திருக்கிறார். அவற்றுள் ஒன்று கலிஃபோர்னியாவின் பசடீனா நகரில் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் உள்ளது. வாஷிங்டனில் இருப்பதே எல்லாவற்றிலும் பெரியது.

படத்தின் முன் நின்றதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். ஓவியரின் பெயர், ஆண்டு, சொந்தக் கதை எல்லாம் சற்றுக் காத்திருக்கட்டும்.

இந்தப் படத்தில் நாம் கீழே நிற்கிறோம். காலடியிலிருந்து வெளிர்நிறப் பாதை ஒன்று நேராக மேலே போகிறது. அது படிக்கட்டில் சேர்கிறது. படிகள் ஏறி முடியும் இடத்தில் வீடு. வீட்டுக்கு மேலே நீல வானமும் வெண்மேகங்களும். பாதையின் இருபுறமும் சூரியகாந்திகள் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து நிற்கின்றன. பாதையோரத்தில் நீலமும் வெள்ளையுமான பெரிய பூந்தொட்டிகள். நடுப்பாதையில் சின்னஞ்சிறு இழுவண்டியோடு ஒரு சிறுவன். அவனுக்குப் பின்னால், படிகளில், வேறு உருவங்கள்.

இப்போது உங்கள் கண் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். பாதையில் ஏறப் பார்க்கிறது, சிறுவனிடம் தடைபடுகிறது, படிகளில் இருப்பவர்களிடம் இன்னொரு முறை தடைபடுகிறது, பிறகு வீடு குறுக்கே நிற்கிறது. வானத்துக்குத் தப்பிச் செல்ல மேலே சிறு இடமே மிஞ்சுகிறது. பக்கவாட்டில் போகவும் வழி இல்லை, பூக்கள் மறிக்கின்றன. எனவே கண் திரும்பக் கீழே இறங்குகிறது. திறந்தவெளியை வரைந்த படம் நம்மை இப்படி நான்கு புறமும் அணைத்து உள்ளே வைத்துக்கொள்கிறது. தோட்டம் என்பது வேலி கட்டிய இயற்கை. அந்த வேலியை வரையாமலே உணர வைத்திருக்கிறார் மோனே. இந்த ஓவியத்தைப் பற்றி நான் சொல்லும் மற்ற எல்லாமே இந்த ஒரு கவனிப்பிலிருந்துதான் கிளைக்கிறது.

படத்தின் உயரத்தையும் மறக்க வேண்டாம். 151 செ.மீ. என்றால் ஏறக்குறைய ஐந்தடி. கைப்பேசித் திரையில் பார்க்கும்போது சிறுவன் ஒரு புள்ளி. கலைக்கூடத்தில் அந்தப் பாதை நம் காலடிக்கு அருகில் தொடங்குவதாகத் தோன்றும் அளவில் இருக்கிறது.

பாதை மேலே ஏறுகிறதா, சுவர்போல நிமிர்ந்து நிற்கிறதா? எனக்கு இரண்டும் தோன்றுகிறதே.

நல்ல கண் உங்களுக்கு. இரண்டுமே உண்மை.

பாதையின் ஓரங்கள் குறுகிக்கொண்டே போவதால் ஆழம் தெரிகிறது. ஆனால் தூரத்தில் இருக்கும் பூக்களையும் அருகில் இருக்கும் பூக்களையும் மோனே ஏறக்குறைய ஒரே அழுத்தமுள்ள தூரிகைத் தீற்றல்களால் போட்டிருக்கிறார். வழக்கமான நிலக்காட்சி ஓவியத்தில் தொலைவு போகப் போக நிறம் மங்கி, விளிம்பு கரையும். இங்கே அது மிகக் குறைவு. சரிவான தோட்டம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. அதனால் ஒரு நொடி நடந்து போகக்கூடிய பாதையாகத் தெரிவது, மறுநொடி நிமிர்த்தி வைத்த வண்ணப் பரப்பாக மாறுகிறது. பிற்காலத்து அல்லிக்குள ஓவியங்களில் அவர் கரையையும் வானத்தையும் விட்டுவிட்டு நீர்ப்பரப்பை மட்டுமே வரைந்தார். அதற்கான விதை இந்தத் தோட்டத்தில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

நிழல் ஏன் நீலமாக இருக்கிறது? நிழல் கருப்புத்தானே?

இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை.

வெட்டவெளியில், பளிச்சென்ற வெயிலில், ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் உங்கள் கையின் நிழலை விழச் செய்து பாருங்கள். நிழலில் சூரியனின் நேரடி ஒளி இல்லை. ஆனால் ஒளியே இல்லாமல் போய்விடவில்லை. வானம் முழுவதும் சிதறிக் கிடக்கும் நீல ஒளி அங்கே விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆகவே நிழலில் நீலம் உண்மையாகவே இருக்கிறது. அதற்குமேல் நம் கண்ணும் சேர்ந்துகொள்கிறது: மஞ்சள் கலந்த வெயிலுக்குப் பக்கத்தில் இருப்பதால், நிழல் இன்னும் நீலமாக, ஊதா சாயலோடு தெரியும்.

பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் இந்த விஷயத்தை விரிவாக ஆராய்ந்தவர் மிஷெல் எழேன் ஷெவ்ரூல் என்ற வேதியியலாளர். பாரிசில் கோபலான் என்ற அரசுத் திரைச்சீலை நெசவாலையின் சாயப் பிரிவுக்கு அவர் பொறுப்பாளர். கருப்புச் சாயம் எடுபடவில்லை என்ற புகாரை ஆராயப் போனவர், குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்களால் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது என்று கண்டுபிடித்தார். 1839இல் அதை நூலாக வெளியிட்டார். மோனேயின் தலைமுறை ஓவியர்களிடையே இந்தக் கருத்து பரவலாகப் புழங்கியது.

மோனே விஞ்ஞானத்தைப் படித்துவிட்டு நீலத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் வெளியில் நின்று பார்த்தார். பார்த்ததைப் போட்டார். இந்தப் படத்தில் பாதையின் குறுக்கே விழும் நிழல் திட்டுகளில் கருப்பைத் தேடிப் பாருங்கள். நீலமும் ஊதாவும்தான் கிடைக்கும். தான் பயன்படுத்தும் வண்ணங்களை 1905இல் ஒரு கடிதத்தில் அவரே பட்டியலிட்டார்: வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன், மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், மரகதப் பச்சை. அந்தப் பட்டியலில் கருப்பு கிடையாது.

பொருள் கொள்வதற்கு இது எப்படி உதவும்? நிழலை இருட்டாக வரைந்தால் அது அச்சமாகவோ இழப்பாகவோ படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கே நிழலும் வெயிலின் ஒரு வடிவம். வெப்பமான நிறங்கள் பூக்களிலும், குளிர்ந்த நிறங்கள் நிழலிலும் வானத்திலும் தொட்டிகளிலும் இருக்க, வெயிலும் குளிர்ச்சியும் ஒரே நேரத்தில் உடலில் படுவதுபோல் இருக்கிறது.

பூக்கள் தெளிவாகவே இல்லை. மோனேவுக்குக் கண்பார்வைக் கோளாறு இருந்ததாமே?

இருந்தது, ஆனால் பிற்காலத்தில். கண்புரை என்று மருத்துவர்கள் சொன்னது 1912இல். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டது 1923இல். அவர் பிறந்தது 1840 நவம்பரில். இந்தத் தோட்டத்தை வரைந்தபோது வயது 40. கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை.

விந்தை என்னவென்றால், அந்தக் காலத்திலேயே இம்ப்ரெஷனிச ஓவியர்களின் மீது, அதாவது கண்ட கணத்தின் ஒளியையும் நிறத்தையும் பிடிக்க முயன்ற மோனே போன்றவர்களின் மீது, கண்நோய்ப் பழி விழுந்திருக்கிறது. இவர்களுடைய நீல மோகத்தை ஒரு பார்வைக் கோளாறாகவே எழுதியவர் நாவலாசிரியர் ஹுயிஸ்மான்ஸ்.

இதழ் இதழாக வரையாததற்குக் காரணம் எளியது. காற்றில் அசையும் நூறு பூக்களைப் பத்தடி தள்ளி நின்று பார்க்கும் எவருக்கும் இதழ்கள் தனித்தனியாகத் தெரியாது. மோனே வரைந்தது தாவரவியல் படம் அன்று. ஆனால் அவருக்குப் பூக்களைத் தனித்தனியாகத் தெரியும் என்பதில் ஐயம் வேண்டாம். இதே 1881இல் சூரியகாந்திப் பூக்களை ஒரு ஜாடியில் வைத்து அவர் வரைந்த ஓவியம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு பூவின் தலையும் வெவ்வேறு விதமாகச் சாய்ந்திருக்கும். 1888இல் பிரெஞ்சு ஓவியர் பால் கோகேன் அந்தப் படத்தை நினைவுகூர்ந்து, அதைவிட உன் சூரியகாந்திகளே எனக்குப் பிடித்திருக்கின்றன என்று ஓவியர் வான்கோவிடம் சொன்னார். வான்கோ அதை ஏற்கவில்லை என்று தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது.

சூரியகாந்திக்கு இந்த ஓவியத்தில் என்ன உட்பொருள்?

தமிழ் வாசகர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இது. ஏன் வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. பூ என்றால் பொருள் உண்டு என்று பழகியவர்கள் நாம். வெட்சி சூடினால் ஆநிரை கவரப் போகிறான். வஞ்சி சூடினால் மண்ணாசையோடு படையெடுக்கிறான். குறிஞ்சி என்றதும் கூடல், முல்லை என்றதும் காத்திருத்தல். கருப்பொருளைச் சொன்னாலே உரிப்பொருள் கூடவே வந்துவிடும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பூக்களை வரிசையாக அடுக்கிச் செல்லும்போதும், அந்தப் பூக்கள் மலைச்சாரலையும் அதற்குரிய ஒழுக்கத்தையும் சேர்த்தே கொண்டுவருகின்றன.

ஆனால் அது புலவருக்கும் கேட்பவருக்கும் இடையே ஏற்கெனவே இருந்த உடன்பாடு. மோனேவுக்கும் அவருடைய பார்வையாளருக்கும் அப்படி ஓர் உடன்பாடு இல்லை. ஐரோப்பாவில் முன்பு இருந்திருக்கிறது: சூரியனை நோக்கித் திரும்பும் பூ என்பதால் சூரியகாந்தி பக்திக்கும் அரச விசுவாசத்துக்கும் குறியீடாக நின்றது. 17ஆம் நூற்றாண்டில் ஃபிளெமிய ஓவியர் வான் டைக் தம்மைத் தாமே வரைந்த ஓவியம் ஒன்றில், ஒரு கையால் பெரிய சூரியகாந்தியைச் சுட்டிக்காட்டி, மறு கையால் கழுத்துப் பொற்சங்கிலியைப் பிடித்திருப்பார். அரசரின் ஆதரவைச் சொல்லும் படம் அது என்று பலரும் கொள்கிறார்கள். அங்கே ஓவியரே விரல் நீட்டிப் பூவைக் காட்டுகிறார். வெத்தேய் தோட்டத்தில் யாரும் எந்தப் பூவையும் சுட்டிக்காட்டவில்லை. சிறுவன்கூடப் பூக்களைத் தொடவில்லை.

ஆகவே ‘சூரியகாந்தி என்றால் நம்பிக்கை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்தப் பூ படத்துக்குள் என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். மூன்று வேலைகள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, உயரம்: குழந்தையைச் சிறியவனாக்குகிறது. இரண்டு, மஞ்சள்: வானத்தின் நீலத்துக்கும் நிழலின் ஊதாவுக்கும் எதிர்நிறமாக நின்று இரண்டையும் தூண்டுகிறது. மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது: அது காலத்தைச் சொல்கிறது. வட பிரான்சில் சூரியகாந்தி கோடையின் பிற்பகுதியில்தான் இந்த உயரத்துக்கு வளர்ந்து பூக்கும். வசந்தம் போய்விட்டது, ஆப்பிள் மரங்கள் பூத்து முடிந்துவிட்டன, கோடையும் உச்சத்தைத் தொட்டுவிட்டது. இதற்கப்பால் இலையுதிர்காலம். குறியீட்டு அகராதி எதையும் புரட்டாமலே இந்த ‘உச்சம்’ என்ற உணர்வு கிடைத்துவிடுகிறது.

மனைவி இறந்த பிறகு வரைந்தது என்கிறார்கள். அப்படியானால் இது துயரத்தின் ஓவியமா?

முதலில் நடந்தவற்றை வரிசைப்படுத்திக்கொள்வோம்.

மோனேயின் படங்களை ஆரம்பத்திலேயே வாங்கி ஆதரித்த வணிகர் எர்னஸ்ட் ஓஷெதே. இம்ப்ரெஷனிசம் என்ற பெயருக்கே காரணமான ‘இம்ப்ரெஷன், சூரிய உதயம்’ ஓவியத்தை 1874இல் 800 பிராங்குக்கு வாங்கியவர் அவர். 1877இல் திவாலானார். மறு ஆண்டு அவருடைய சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது அந்த ஓவியம் 210 பிராங்குக்குப் போனது. வீடு வாசல் இழந்த ஓஷெதே குடும்பமும் வறுமையில் இருந்த மோனே குடும்பமும் 1878இல் வெத்தேயில் ஒரே வீட்டில் குடியேறின. மோனே, மனைவி கமீய், மகன்கள் ழானும் மிஷெலும். ஓஷெதே, மனைவி ஆலிஸ், ஆறு குழந்தைகள். கமீய் நோயுற்றிருந்தார். 1879 செப்டம்பர் 5 அன்று, 32 வயதில் இறந்தார். ஓஷெதே பெரும்பாலும் பாரிசிலேயே இருக்க, ஆலிஸ் எட்டுக் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார். ஓஷெதே 1891இல் இறந்த பிறகு, 1892இல் மோனேவும் ஆலிஸும் திருமணம் செய்துகொண்டனர்.

இதைத் தெரிந்துகொண்டதும் பலர் படத்துக்குள் தாவி, ‘தாயில்லாப் பிள்ளை தனியே நிற்கிறான்’ என்று எழுதிவிடுகிறார்கள். வேறு சிலர் ‘துயரம் கடந்து மலர்ந்த மகிழ்ச்சி’ என்று எழுதுகிறார்கள். இரண்டுமே வாழ்க்கைக் கதையைப் படத்தின் மேல் போர்த்துகின்றன. கமீய் இறந்ததற்கும் இந்த ஓவியத்துக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அந்தத் துயரத்தை மோனே வேறொரு கான்வாஸில் நேருக்கு நேர் வரைந்துவிட்டார். மரணப்படுக்கையில் கமீயை வரைந்த அந்த ஓவியம் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தன்னை அறியாமலே இறந்த மனைவியின் முகத்தில் மாறும் நிறங்களைக் கவனித்துக்கொண்டிருந்ததாக, முதுமையில் நண்பரும் பிரெஞ்சு அரசியல் தலைவருமான கிளெமென்சோவிடம் அவர் சொல்லியிருக்கிறார். அடுத்து வந்த கடுங்குளிர்காலத்தில் சேன் நதி உறைந்தது. 1880 ஜனவரியில் பனிப்பாளங்கள் உடைந்து மிதந்ததை வரிசையாக வரைந்தார். அதன் பிறகு பாரிசில் தனிக் கண்காட்சி. 1881இல் துராண்-ருயெல் என்ற வணிகர் மீண்டும் படங்களை வாங்கத் தொடங்கினார். கடன் தொல்லை சற்றுத் தணிந்தது.

துயரம் இந்தப் படத்தில் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிறது என்றால், படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்கிறேன். எனக்குக் காட்டக்கூடிய ஒன்று உண்டு: உருவங்கள் ஒருவரையொருவர் தொடவில்லை. குடும்பம் கூடியிருக்கும் தோட்டம் என்றாலும், குழந்தை பாதையில் தனியாகவும் மற்றவர்கள் படிகளிலுமாக இடைவெளி விட்டு நிற்கிறார்கள். அந்த இடைவெளியைப் பூக்கள்தான் நிரப்புகின்றன. இதற்குமேல் போனால் அது என் கற்பனை. மோனேயின் ஓவியத்துக்கு அதில் பங்கில்லை.

அந்தச் சிறுவன் யார்? முகம் ஏன் இல்லை?

இழுவண்டியோடு நிற்பவன் மோனேயின் இளைய மகன் மிஷெல். 1878 மார்ச்சில் பிறந்தவன். பின்னால் படிகளில் இருப்பவர்கள் அந்தக் கூட்டுக்குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். முகத்தை வரைந்தால் நம் கண் முகத்தை விட்டு நகராது. மனிதக் கண்ணின் இயல்பு அது. முகம் இல்லாததால்தான் குழந்தையும் ஒரு பூத்தண்டும் ஒரே வெயிலில் சம உரிமையோடு நிற்கிறார்கள்.

தோட்டம் உண்மையிலேயே அப்படித்தான் இருந்ததா?

இந்தக் கேள்விக்கான பதிலில்தான் ஓவியத்தின் பெரிய ரகசியம் இருக்கிறது.

முதலாவதாக, வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே ஒரு சாலை ஓடியது. வீடு சாலைக்கு அந்தப் பக்கம். தோட்டம் சாலைக்கு இந்தப் பக்கம் சரிந்து நதிவரை இறங்கியது. ஓவியத்தில் சாலையைத் தேடுங்கள். கிடைக்காது. படிக்கட்டு நேராக வீட்டு வாசலுக்குப் போவதுபோல் இருக்கிறது. கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணத்தைத் தேர்ந்ததன் மூலம் வண்டிகளும் அயலாரும் போகும் பொதுச் சாலையைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டார். வாடகை வீட்டில், பிறர் வாய்க்கு இரையாகக்கூடிய ஏற்பாட்டில் வாழ்ந்த ஒரு குடும்பத்துக்கு, இடையில் யாரும் புக முடியாத ஒரு முழு உலகத்தைக் கொடுத்திருக்கிறார். வாழ்க்கைக் கதை படத்துக்கு உதவும் இடம் என்றால் இதைத்தான் சொல்வேன். இங்கே சான்று கான்வாஸிலேயே இருக்கிறது.

இரண்டாவதாக, இந்தத் தோட்டம் மோனேவுக்குத் தற்செயலாகக் கிடைத்த காட்சி இல்லை. வீட்டு உரிமையாளரின் ஒப்புதலோடு நதிவரை இறங்கும் அந்தச் சரிவில் தோட்டம் அமைத்துக்கொண்டார் அவர். எது எங்கே எவ்வளவு உயரம் வளரும், எந்த மாதம் என்ன நிறம் வரும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவர், அதே இடத்தில் ஓவியத் தாங்கியை நிறுத்தி வரைகிறார். மண்ணில் ஒரு முறை, கான்வாஸில் மறு முறை. ‘இயற்கையை அப்படியே வரைந்தார்’ என்ற வழக்கமான வாக்கியம் அதனால் எனக்கு ஒப்பவில்லை. அந்த இயற்கையையே அவர்தான் அடுக்கியிருக்கிறார்.

நீல வெள்ளைத் தொட்டிகள் இதற்கு நல்ல சான்று. இதேபோன்ற தொட்டிகளை 1873இல், பாரிசுக்கு அருகே அர்ஜந்தேய் என்ற ஊரில் வாழ்ந்தபோது, அவர் வரைந்த வீட்டு ஓவியத்திலும் பார்க்கலாம். அது சிகாகோ கலைக் கழகத்தில் உள்ளது. அவை மோனேயின் சொந்தத் தொட்டிகள். வீடுகள் வாடகை, மண் வாடகை. தொட்டிகள் மட்டும் சொந்தம். பத்து ஆண்டுகளுக்குள் நோய், கடன், சாவு எல்லாவற்றையும் கடந்துவந்த ஒரு குடும்பத்தில், வீடு மாறும்போதெல்லாம் யாரோ அந்தக் கனமான தொட்டிகளை வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். இதை நினைத்த பிறகு என்னால் அவற்றை அலங்காரமாகப் பார்க்க முடியவில்லை.

ஓவியத்தில் கையொப்பத்தோடு 1880 என்று குறித்திருக்கிறதே?

ஆம். ஆனாலும் அது 1881 கோடையைச் சேர்ந்தது என்பதே இன்று ஏற்கப்பட்ட முடிவு. மோனே சில படங்களில் பின்னாளில் கையொப்பமிட்டு ஆண்டைப் போடுவதுண்டு. பழைய நூல்களில் 1880 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

நம் கோடையை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பார்க்கலாமா?

பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால் வேறுபாட்டை அறிந்து பார்க்க வேண்டும். நம் இலக்கியத்தில் வேனில் பாலைக்குரியது. நீர் வற்றிய சுனை, வெடித்த நிலம், பிரிந்து போன தலைவன். சித்திரை வெயிலில் கொன்றை பூத்தாலும் மண் காய்ந்தே கிடக்கும். வட பிரான்சில் நிலைமை நேர்மாறு. நீண்ட குளிர்காலத்துக்குப் பிறகு வெளியே வாழ்வதற்குக் கிடைக்கும் சில மாதங்கள்தான் அங்கே கோடை. எல்லாரும் வெளியே இருப்பதே இந்தப் படத்தின் கொண்டாட்டம்.

வெயிலின் கோணமும் வேறு. சென்னையில் ஆகஸ்ட் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வந்துவிடும். நிழல் காலடியில் சுருங்கும். 49 டிகிரி வட அட்சரேகைக்கு அருகில் இருக்கும் வெத்தேயில் ஆகஸ்ட் நடுவில் நண்பகலிலும் சூரியன் சுமார் 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். நிழல் எந்நேரமும் பக்கவாட்டில் நீளும். பாதையின் குறுக்கே அழகாக விழும் அந்தத் திட்டுகள் அட்சரேகை தந்த கொடை. நம் ஊர் நண்பகலை வரைய வந்திருந்தால் மோனே வேறு ஓவியராகியிருப்பார்.

மற்றத் தோட்ட ஓவியங்களிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

இரண்டோடு மட்டும் ஒப்பிடுகிறேன். மோனே 1867இல் வரைந்த ‘சாந்த்-அத்ரெஸ் தோட்டம்’ கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. கொடிகள் பறக்கின்றன, கப்பல்கள் போகின்றன, நாற்காலியில் அவருடைய தந்தை. அங்கே தோட்டம் உலகத்தைப் பார்க்கும் மாடம். வெத்தேயில் நதி நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, படத்தில் வரவே இல்லை.

ஆஸ்திரிய ஓவியர் குஸ்தாவ் கிளிம்ட் 1907இல் வரைந்த ‘உழவர் தோட்டம்’ 110 செ.மீ. சதுரம். வானம் இல்லை, மனிதர் இல்லை, பாதை இல்லை. பூக்களின் திரை மட்டும். மோனே தொடங்கிய தட்டைத்தன்மையைக் கிளிம்ட் எல்லைவரை கொண்டுபோகிறார். 2017இல் லண்டன் ஏலத்தில் சுமார் 4.8 கோடி பவுண்டுக்கு விற்ற படம் அது. அதன் அழகை மறுக்கமாட்டேன். ஆனால் அதற்குள் நடந்து போக இடமில்லை. எனக்குப் பாதை வேண்டும்.

எல்லாம் சரி. அழகான காலண்டர் படம், அவ்வளவுதானே?

காலண்டரில் நிறையப் பார்த்ததால் வந்த எண்ணம் இது. அதற்கு ஓவியத்தைக் குறை சொல்லக் கூடாது. ஐந்தடி உயரம் என்பது சிறிய கான்வாஸ் அன்று; 19ஆம் நூற்றாண்டுப் பாரிசில் பெரிய கான்வாஸ்களைப் பெரும்பாலும் தெய்வங்களுக்கும் தளபதிகளுக்குமே ஒதுக்கினார்கள். அதில் ஒரு வாடகைத் தோட்டத்தையும் பொம்மை வண்டியையும் வரைவது துணிச்சல். வாழ்க்கையின் பெரிய செய்திகள் அரண்மனையிலும் போர்க்களத்திலும் மட்டும் நடப்பதில்லை என்று நம்பியவரால்தான் அப்படி வரைய முடியும். அந்த நம்பிக்கையோடு நானும் முழுமையாக ஒன்றிப்போகிறேன்.

வாஷிங்டனுக்குப் போக முடியாதவர்கள் என்ன செய்வது?

அந்தக் கலைக்கூடம் தன் ஓவியங்களின் உயர்தரப் படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. கைப்பேசியைத் தவிர்த்து, கிடைக்கும் திரைகளில் பெரியதில் திறந்து பாருங்கள். முதலில் முழுப் படம். பிறகு தொட்டிகள், நிழலின் விளிம்பு, சிறுவன் நிற்கும் இடம் என்று ஒவ்வொன்றாகப் பெரிதாக்குங்கள். ஓர் ஓரத்துச் சூரியகாந்திகளைத் தாளால் மறைத்துப் பாருங்கள்; பாதை உடனே சாய்ந்து, படம் ஒரு பக்கமாகத் திறந்துகொள்ளும். அந்தப் பூக்கள் அங்கே ஏன் தேவை என்பது எந்த விளக்கமும் இல்லாமல் தெரிந்துவிடும்.

கல்லூரிக்குக் கட்டுரை எழுத வேண்டும். எப்படித் தொடங்கலாம்?

‘மோனே இயற்கையை நேசித்தார், இந்த ஓவியம் இயற்கையின் அழகைக் காட்டுகிறது’ என்று தொடங்காதீர்கள். இந்த வாக்கியம் ஆயிரம் படங்களுக்குப் பொருந்தும். இந்தப் படத்துக்கு மட்டும் பொருந்தும் ஒரு வாக்கியத்தைத் தேடுங்கள். எடுத்துக்காட்டாக: ‘வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே இருந்த சாலையை மறைக்கும் கோணத்தை மோனே தேர்ந்திருக்கிறார்.’ இதை எழுதியதும் ‘ஏன்?’ என்ற கேள்வி தானாக வரும். அடுத்த பத்தி கிடைத்துவிடும். அல்லது நீல வெள்ளைத் தொட்டிகளிலிருந்து தொடங்குங்கள். 1873 ஓவியத்தையும் 1881 ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எட்டு ஆண்டுகளில் அவற்றைச் சுற்றி என்னென்ன மாறியிருக்கிறது என்று எழுதினாலே ஐந்து பக்கம் வரும். கமீயின் மரணத்தைக் குறிப்பிட விரும்பினால் கடைசிப் பகுதியில் குறிப்பிடுங்கள். அதற்குள் உங்கள் வாசகர் படத்தை உங்களோடு சேர்ந்து பார்த்து முடித்திருப்பார்.